சுவர் பிரிக்க ஏற்ற மாதம்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பெண் கேட்டு வந்தார்கள். பெண் என் மருமகள் மஞ்சுளா. கேட்டது என்னிடம். எங்கேயாவது எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் மஞ்சுளாவுக்குக் கொடுத்த டைரியை எடுத்துக்கொண்டேன். அவள் அதில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

வந்தவர் பெயர் பொன்னரசு. தோட்டக்கலைத் துறையில் வேலை. மஞ்சுளா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கு மரக்கன்று கொடுக்கப் போனவர், கன்று வேர் பிடித்த பிறகும் போய்க்கொண்டிருந்திருக்கிறார். கூட அவருடைய அக்கா. இருவரும் நல்ல மாதிரிதான். அவர் மட்டும் காலை ஆட்டிக்கொண்டே டீ குடிக்கிறார்.

மஞ்சுளாவுக்குப் பெற்றவர்கள் இல்லை. அவள் புருஷன், என் மகன் அருள், குன்னூர் சாலை வளைவில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். இரு என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"உங்க விருப்பம்தாங்கம்மா" என்றார் அந்த அக்கா. நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சுளா முந்திக்கொண்டாள்.

"இந்தச் சுவத்தை இப்படியே விட்டுட்டு நான் எங்கேயும் வரமாட்டேங்க. அத்தை ஒத்தை ஆளா மழையில சட்டி வெச்சுப் பிடிச்சிட்டு இருக்க முடியாது. சுவர் வேலை முடியட்டும், அப்புறம் பேசலாம்."

எங்கள் வீட்டின் வடகிழக்குச் சுவர் மரப்பலகை. அதன்மேல் சட்டம் அடித்துத் தகரம் போர்த்தியிருக்கிறது. கோத்தகிரியில் ஐப்பசி மழை நேராக வந்து அறைவது அந்தப் பக்கத்தில்தான். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே மஞ்சுளாவின் அறை ஊறிப்போய்க் கிடக்கிறது. மாற்றுவதற்கு அருள் புதுத் தகரம் வாங்கி விறகுக் கொட்டகையில் அடுக்கிவிட்டுத்தான் போனான். பச்சை. நான் செங்காவி கேட்டேன். அந்தச் சண்டை முடியவேயில்லை.

"மார்ச் நல்ல மாசங்க. எல்லாம் காஞ்சிருக்கும்" என்றார் பொன்னரசு.

என் சுவரைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 16, ஞாயிறு

மாரப்பன் ஆசாரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நான் டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்ததால் ஊரே என்னை எக்சேஞ்சம்மா என்றுதான் கூப்பிடும். இவரும் அப்படித்தான்.

"மாசி பங்குனிதானுங்க இதுக்குத் தோது. இப்பவே ஆரம்பிச்சரலாம்."

"உறைபனி இன்னும் விடலையே. பலகையெல்லாம் நனைஞ்சிருக்கும். ஈரத்து மேல தகரம் அடிச்சா உள்ளேயே உளுத்துப்போகும்" என்றேன்.

"ஏனுங்க எக்சேஞ்சம்மா, பனி விழறது ராத்திரிங்க. நான் வேலை செய்யறது பகல்லதானுங்க."

பேச்சில் இவரை ஜெயிக்க முடியாது. மார்ச்சில் வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 8, சனி

ஆசாரி வரவில்லை. நல்லதாகப் போயிற்று. நெல்லிக்காயை உப்பில் போட்டேன்.

மார்ச் 20, வியாழன்

ஆசாரி இன்னும் வரவில்லை. மஞ்சுளாவிடம் கேட்டால், ஆளுக்கு ஊட்டியில் ஏதோ வேலையாம். இந்தக் காலத்தில் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று அவளிடமே திட்டித் தீர்த்தேன். மனசுக்குள் அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். மஞ்சுளா தலையைக் குனிந்தபடி நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சித்திரை பிறந்தாயிற்று. சீசன் தொடங்கிவிட்டது. ஊரில் இருக்கும் ஆசாரியெல்லாம் லாட்ஜுகளுக்குக் கதவு இழைக்கப் போய்விட்டார்கள். இந்தச் சமயத்தில் ஆள் தேடுவது வீண் வேலை என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். சரி அத்தை என்றாள். அவள் கொஞ்சம் எதிர்த்துப் பேசினால் எனக்கும் சொன்னதற்கு ஒரு பலம் இருக்கும். அவளோ எல்லாவற்றுக்கும் சரி அத்தைதான்.

பொன்னரசு வந்தார். வாசலில் நட ரோஜாக் கன்று கொண்டுவந்தார். நட்டார். டீ குடித்தார். கால் ஆடியது.

மே 11, ஞாயிறு

விடியற்காலையில் காட்டெருமை ஒன்று தோட்டத்துக்குள் வந்து வடகிழக்குச் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. துருவேறிய ஒரு தகரம் உள்வாங்கிவிட்டது. மஞ்சுளாவின் கட்டில் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. திடுக்கிட்டு எழுந்து என் அறைக்கு ஓடிவந்தாள். "அத்தை, சுவர் மூச்சு விடுது" என்றாள். பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது இருவருக்கும்.

பகலில் அவள் கட்டிலை இழுத்து நடு அறையில் போட்டோம். அலமாரியை நகர்த்தியபோது பின்பக்கம் முழுக்கப் பூசணம். அவளுடைய கல்யாணப் பட்டில்கூட ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்து வெயிலில் போட்டேன். மத்தியானம் ஆலங்கட்டி மழை வந்ததும் ஓடிப்போய் எடுத்தேன். பார்த்தாயா, இந்த மாதத்தில் சுவரைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றேன். சரி அத்தை.

ஜூன் 14, சனி

பொன்னரசுவுக்கு ஓசூருக்கு மாற்றல். வந்து சொல்லிவிட்டுப் போனார். மஞ்சுளா கேட் வரைக்கும் கூடப் போய், வெகு நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

சாயங்காலம் கேசரி கிண்டினேன். ரவை மீந்திருந்தது. வேறு காரணம் இல்லை.

மஞ்சுளா ஒரு கரண்டி தின்றுவிட்டு மூடி வைத்தாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. ஆடியில் வீட்டு வேலை எதையும் தொடங்கக்கூடாது என்று மஞ்சுளாவிடம் சொன்னேன். பேச்சுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பஞ்சாங்கம் போட்ட தினசரிக் காலண்டர் ஒன்றும் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த வீட்டுக்குள் பஞ்சாங்கம் நுழைந்ததில்லை. எங்கள் கல்யாணமே ராகு காலத்தில்தான் நடந்தது, அவர் வேண்டுமென்றே வைத்தார். அந்தக் கதையை மஞ்சுளாவுக்கு நானே பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் காலண்டரைப் பார்த்தாள், மாமனார் படத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

படத்தில் அவர் என்னை முறைப்பது போலிருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காற்று பலமாக இருக்கிறது, ஏணி நிற்காது.

பொன்னரசு ஓசூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். சாரலில் நனைந்து, தும்மிக்கொண்டே. துண்டு கொடுத்தேன். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மனுஷன் மனுஷன்தானே.

கிளம்பும்போது கேட்டருகே இருவரும் பேசியது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டிய காதில் விழுந்துவிடுகிறது, நான் என்ன செய்ய?

"அக்கா தைக்குள்ள ஒரு முடிவு கேக்கறாங்க. நான் அதுக்கு மேலயும் காத்திருப்பேன் மஞ்சுளா. ஆனா சுவத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா எப்படிங்க?"

என்னைத்தான் சொல்கிறார் என்று முகம் சுட்டது. அடுத்த தடவை ரசம் கிடையாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சந்தையில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மாரப்பன் குரல்.

"ஏனுங்க எக்சேஞ்சம்மா, உங்க வீட்டு வேலையை நான் செய்யணுமா, வேண்டாமா? ரெண்டு பேரும் கலந்து பேசி ஒண்ணைச் சொல்லுங்க."

"எந்த ரெண்டு பேரு?"

"நீங்க ஒருக்கா போன் பண்ணி ஆடி போகட்டும்ங்கறீங்க. உங்க மருமக ஒருக்கா போன் பண்ணி காத்து அடங்கட்டும்ங்குது. மார்ச்ல பலகையெல்லாம் வண்டியில ஏத்திட்டேனுங்க. அந்தம்மிணிதான் 'அத்தைக்கு உடம்பு சரியில்லை, சத்தம் ஆகாது, அப்புறம் சொல்றேன்'னுச்சு. நீங்க அன்னைக்கு மார்க்கெட்டுல கல்லு மாதிரி நடந்து போறீங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலீங்க."

கேரட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

அவள் பள்ளிக்குப் போனதும் அவள் அறையில் போய் உட்கார்ந்தேன். சுவரோரம் மூக்கைக் கொண்டுபோனால் காளான் நாற்றம். இந்த நாற்றத்தில்தான் அவள் படுத்து எழுகிறாள்.

உள்ளதை எழுதுகிறேன். எனக்காகத்தான் அவள் போகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷம். நேற்று முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். ராத்திரி இட்லி ஒன்று கூடுதலாகத் தின்றேன். இன்று இந்த அறையில் உட்கார்ந்த பிறகுதான், இப்படியே விட்டால் இந்தச் சுவர் எந்தக் காலத்திலும் மாறாது என்று உறைத்தது. நான் ஒரு மாதத்தைத் தள்ளினால் அவள் அடுத்த மாதத்தைத் தள்ளுவாள். எனக்கு எழுபது ஆகும். அவளுக்கு நாற்பது ஆகும். அந்த மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் ஓசூரிலிருந்து நனைந்துகொண்டு வருவார்?

போய்விட்டால் எனக்குப் பயம்தான். வீட்டில் பேச ஆளில்லாமல் போகும். அதையும் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 27, சனி

ஆசாரிக்குப் போன் போட்டேன். நாளையே வாருங்கள் என்றேன்.

"விளையாடறீங்களாங்க? மழை தலைக்கு மேல நிக்குது. இப்பப் பிரிச்சா நடு வேலையில மாட்டிக்கும். ஒரு தகரத்தைக் கழட்டினா முழுசா மூடற வரைக்கும் நிறுத்த முடியாதுங்க. பலகை நனைஞ்சா வீடே போச்சு. தை பொறந்து பார்க்கலாம்."

வருஷம் முழுக்க நான் சொன்ன காரணமெல்லாம் பொய். இப்போது இவர் சொல்வது நிஜம். தை வரைக்கும் விட்டால், தையில் எனக்கு ஒரு காரணம் தோன்றும். என்னை எனக்குத் தெரியும்.

ஒரு தகரத்தைக் கழட்டினால் நிறுத்த முடியாது என்றாரே, அது மட்டும் காதிலேயே நிற்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. என் வீட்டுக்காரரும் இது ஒன்றை மட்டும் விடமாட்டார். உழைக்கிற கருவிக்கு மரியாதை, சாமி கணக்கில் வராது என்பார். மஞ்சுளாவின் கணக்குப் புத்தகங்கள், அரிவாள்மணை, தையல் மெஷின், அருளின் சுத்தியல், ஆணி பிடுங்கும் கம்பி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்தோம். பொரி, கடலை, சுண்டல். இன்று எந்தக் கருவியையும் தொடக்கூடாது.

இன்றைக்குத்தானே.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நாள் பார்க்க வேண்டாத நாள். இன்று தொடங்கினால் எந்த வேலையும் நிற்காது என்று ஊரே நம்புகிறது, ஆசாரி உள்பட.

மஞ்சுளா குளிக்கப் போன நேரத்தில் அருளின் கம்பியை எடுத்தேன். சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. தோட்டத்துப் பக்கம் போய், காட்டெருமை தேய்த்த தகரத்தின் ஓரத்தில் கம்பியைக் கொடுத்து நெம்பினேன். துருவேறிய ஆணி உடனே வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. உடம்பையே போட்டுத் தொங்கினேன். தகரம் ஓவென்று அலறிக்கொண்டு கிழிந்து வந்தது. கை வெட்டிவிட்டது, லேசாகத்தான். அதற்குப் பக்கத்துத் தகரத்தையும் விடவில்லை.

ஈரத் தலையோடு மஞ்சுளா ஓடிவந்தாள்.

"அத்தை! என்ன பண்றீங்க?"

"பார்த்தாத் தெரியலை? சுவத்தைப் பிரிக்கறேன்."

"ஐயோ, மழை வருது அத்தை! இதுக்கு இது மாசமே இல்லை!"

"எதுதான் மாசம்? நீயும் நானும் சேர்ந்து ஒரு வருஷத்துல ஒரு மாசம்கூட மிச்சம் வைக்கலையே. மார்ச்ல எனக்கு என்ன உடம்புக்கு வந்துச்சு? சொல்லு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஈரத் தலையை முடிந்துகொண்டே, "ராகு காலத்துல கல்யாணம் பண்ண உங்களுக்கு ஆடி எப்ப வந்துச்சு அத்தை?" என்றாள்.

இருவரும் கிழிந்த தகரத்தின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம். பலகை இடுக்கு வழியாக அவளுடைய கட்டில் தெரிந்தது.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு அத்தை இருக்கா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அருள் போனபோதுகூட என் முன்னால் இப்படி அழுததில்லை.

எனக்கும் வந்தது. "யாரும் இல்லைதான்" என்றேன். "அதுக்காக உன்னையும் பூசணம் பிடிக்க விடணுமா? நீ என் வீட்டுக்கு மருமகளா வந்த. இப்ப மகளா அனுப்பறேன். அழுகையை அப்புறம் வெச்சுக்க, முதல்ல தார்ப்பாய் எடு. அப்படியே ஓசூருக்குப் போன் போடு. லீவு நாள்தானே, வந்து தகரம் பிடிக்கச் சொல்லு."

ஆசாரிக்கு நான் போன் போட்டேன். சுவர் திறந்து கிடக்கிறது என்றதும் அந்தப் பக்கம் கத்தினார். "ஏனுங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா?"

"கெட்டுப்போச்சு. விஜயதசமி அன்னைக்கு உளி எடுக்காத ஆசாரி உண்டா? முதல் வேலையை என் வீட்டுல எடுங்க. வர்றீங்களா, இல்லை மிச்சத்தையும் நானே பிரிக்கட்டுமா?"

வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார்.

அக்டோபர் 4, சனி

நிற்க நேரமில்லை. உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்கிறார்கள். பகலில் வேலை, மேகம் கறுத்தால் தார்ப்பாய், வெளுத்தால் மறுபடி வேலை. மஞ்சுளா என் அறையில் படுத்துக்கொள்கிறாள். தார்ப்பாய் படபடக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து போய்ப் பார்க்கிறோம்.

பொன்னரசு நேற்றே வந்துவிட்டார். கொட்டகையிலிருந்து பச்சைத் தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து துடைத்தார். கீழ் வரிசையை முதலில் அடிக்கிறார்கள், மேல் வரிசை அதன்மேல் ஏறி உட்காருகிறது. அப்போதுதான் தண்ணீர் வழிந்து வெளியே போகும். இது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.

"கலர் நல்லாத் தேர்ந்தெடுத்திருக்காரு" என்றார் என்னைப் பார்த்து. அருளைச் சொல்கிறார். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் மரியாதையாகச் சொன்னார்.

பச்சை நன்றாகத்தான் இருக்கிறது. அருள் இருந்திருந்தால் இதை ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

ரசம் வைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

கடைசித் தகரத்துக்கு ஆணி அடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆசாரி ஏணியில், பொன்னரசு கீழே தகரத்தைத் தாங்கிக்கொண்டு. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். மஞ்சுளா குடையைக் கொண்டுபோய் அவர் தலைக்கு மேல் பிடித்தாள். அவள் நனைந்தாள். அவர் குடையை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். ஆசாரி மேலிருந்து, "யாராச்சும் தகரத்தைப் பிடிங்கப்பா!" என்று கத்தினார்.

நான் போய்ப் பிடித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

முருகன் கோயிலில் கல்யாணம். பெண் வீடு என்று நான் நின்றேன். பூசணம் பிடித்த அந்தப் பட்டு வேண்டாம் என்று சொல்லிப் புதிதாக எடுத்திருந்தேன். செங்காவி. இதில் யாரும் என்னோடு சண்டை போட முடியாது.

மாலையில் காரில் ஏறும்போது, "ஒரு சொட்டு ஒழுகினாலும் சொல்லுங்க அத்தை, உடனே வந்துடறேன்" என்றாள். சரி என்றேன். இதுவரை அவள் சொல்லிக்கொண்டிருந்த சரி.

ராத்திரி எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மூன்று நாளாக விடாத மழை. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் இல்லை. வடகிழக்குச் சுவரில் மழை தடதடவென்று அறைகிறது. அவள் அறைக்குள் போய்ப் பலகை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தேன். மூலைகளில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ஒழுகினால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்.

மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அத்தை, சுவர்?"

எத்தனையோ பொய் சொன்ன வாய். "அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதா, ஆள் பேசாமல் இருக்கிறாளா என்பது எனக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். லைன் இருந்தது.

"அப்ப நான் வர்றதுக்குக் காரணமே இல்லாமப் போச்சு" என்றாள்.

"சுவர் ஒழுகினாத்தான் வருவியா? நான் இல்லையா?"

"வர்றோம் அத்தை. எப்ப வரட்டும்? மார்கழின்னா உறைபனி. மாசியில பலகை ஈரமா இருக்கும். சித்திரையில சீசன், ஆள் கிடைக்காது. ஆடி ஆகவே ஆகாது. ஆவணியில காத்து." அப்படியே என் குரலில் சொல்கிறாள், கழுதை. "நீங்களே சொல்லுங்க. எது நல்ல மாசம்?"

"எல்லா மாசமும் நல்ல மாசம்தாண்டி" என்றேன்.

அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். டிரங்க் கால் காலத்தில் மூன்று நிமிஷம் ஆனதும் இரக்கமே இல்லாமல் லைனை வெட்டியவள் நான். இன்று அவள் ஓசூர்த் தண்ணீர், புதுப் பள்ளிக்கூடம், அவருடைய அக்கா வைத்த குழம்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் அவள் அறையின் காய்ந்த பலகையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.